கோட்டை விடாத ராஜா

பத்தாயிரம் வீரர்கள் ஏழு மாதம் முட்டி மோதியும் நுழைய முடியாத கோட்டை அது. இப்போது நுழைய ஆளுக்கு இருபது, சிறுவர்களுக்குப் பத்து.

அப்பா ஜவுளி வியாபாரி. விலைப்பலகையைக் கண்டாலே நாக்கு துறுதுறுக்கும். "நாலு பேர் வந்திருக்கோம். பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

சீட்டு கொடுப்பவர் நிமிரவேயில்லை. "எதிரி ராஜாவுக்கே குறைக்கல, சார்."

உள்ளே வழிகாட்டி கதை சொன்னார். எதிரிகள் மிரட்டிப் பார்த்தார்களாம். மூட்டை மூட்டையாகப் பொன் தருவதாக ஆசை காட்டினார்களாம். "உள்ள இருந்தவங்க கடைசி வரைக்கும் கோட்டை விடல" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து வயது வாண்டு மட்டும் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். என்னடா என்று கேட்க அக்கா திரும்புவதற்குள் ஆளைக் காணோம்.

காவல் அறையின் பழங்காலக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அம்மா மிரட்டினாள். எதற்கும் விலை குறைத்தே பழகிய அப்பா, ஐஸ்கிரீமில் தொடங்கி சைக்கிள் வரை தானே ஏற்றிக்கொண்டு போனார். தாழ்ப்பாள் அசையவில்லை. மூடும் நேரமாயிற்று; கதவை உடைப்பதைத் தவிர வழியில்லை என்று காவலர் கடப்பாரை எடுக்கப் போனார்.

மிரட்டல், ஆசை. அதெல்லாம் எதிரிகள் செய்த வேலையாயிற்றே என்று அக்கா யோசித்தாள். கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"நான் எதிரி இல்லடா. உன் கட்சி. உள்ள சேர்த்துக்கிறியா?"

தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் நுழைந்ததும் மறுபடி விழுந்தது.

வாண்டின் கால்சட்டை நனைந்திருந்தது. "கோட்டை விட்டுட்டேன்க்கா" என்றான்.

அக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. விழுங்கிக்கொண்டாள்.

"யாருடா சொன்னா? இத்தனை பேர் வெளிய நிக்கிறாங்க, ஒருத்தராலயும் உள்ள வர முடியல. கோட்டை இன்னும் உன் கையிலதான் இருக்கு."

தன் சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்றி அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். நனைந்த இடம் மறைந்தது. பிறகு கதவைத் திறந்தாள்.

"ராஜா வர்றார். வழி விடுங்க."

கடப்பாரையோடு வந்த காவலர் ஸ்வெட்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவரும் பிள்ளை பெற்றவர்தான். கடப்பாரையை ஈட்டி போல நிமிர்த்தி விறைப்பாகச் சலாம் வைத்தார். வாண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்க, கூட்டம் கைதட்டிக்கொண்டே பின்னால் வந்தது.

அன்று மாலை வாசல் பதிவேட்டில் காவலர் எழுதினார்: உள்ளே வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டு. வெளியே போனவர்கள் நூற்றுப் பதினேழு பேரும் ஒரு ராஜாவும்.