ஒரு கியர் பெட்டி, இரண்டு காட்டுப்பன்றிகள்

தோமோகாவின் காட்டுப்பன்றிக்கு ஆறு பல் இல்லை. யோஹெய்யின் காட்டுப்பன்றிக்கு மூன்று பல் இல்லை.

பயப்படாதீர்கள், இரண்டும் கடிக்காது. காட்டுப்பன்றி என்பது ரிமோட்டில் ஓடும் ஒரு பந்தயக் காரின் பெயர். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் வந்த கார். அதன் வயிற்றுக்குள் சுழலும் கியர்ச் சக்கரங்களில்தான் பல் போயிருந்தது. பல் போனால் மோட்டார் கர்ர்ர் என்று கத்தும். கார் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தோமோகாவின் கார் உண்மையில் அவள் அம்மாவுடையது. பதினொரு வயதில் அம்மா அதை ஷிபாதா மாமாவின் ரிமோட் கார் கடை நடத்தும் பந்தயத்தில் ஓட்டினார். நான்காவது சுற்றில் பல் உடைந்தது. அன்று அட்டைப்பெட்டிக்குள் போன கார், இந்தக் கோடையில் மெத்தை அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோதுதான் வெளியே வந்தது. ஒரு பந்தயத்தைக்கூட அது முடித்ததில்லை.

யோஹெய் தோமோகாவின் வகுப்புத் தோழன். அவனுடைய கார் பழைய சாமான் கடையில், உடைந்த ரேடியோக்களுக்கு அடியில் கிடைத்தது. அது ஓடி யாருமே பார்த்ததில்லை. "உன் பொணம் எப்படிடா இருக்கு?" என்று அவன் அண்ணன் தினமும் கேட்பான்.

இருவரும் கோடை விடுமுறை முழுக்க வேலை செய்தார்கள். யோஹெய் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கினான். தோமோகா சேற்றை மட்டும் கழுவினாள். கீறல் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அது அம்மா ஓட்டியபோது விழுந்த கீறல் இல்லையா?

எல்லாம் முடிந்தது. பல் மட்டும் பாக்கி. இருவரும் கார்களைத் தூக்கிக்கொண்டு ஷிபாதா மாமாவிடம் போனார்கள்.

மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு கியர் பெட்டிகளையும் திறந்தார்.

"இதுல பெரிய சக்கரம் போச்சு. அதுல சின்னச் சக்கரம் போச்சு. சேர்த்தா ஒரு முழுப் பெட்டி தேறும்."

"இன்னொரு பெட்டிக்கு என்ன பண்றது மாமா?" என்று தோமோகா கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண முடியாது. இந்தச் சக்கரத்தை இப்ப யாரும் செய்யறதில்ல. புதுசா யாராவது செஞ்சு குடுத்தாலும் நவம்பர் மூணாம் தேதி பண்பாட்டு நாள் பந்தயத்துல விடமாட்டேன். பழைய கார்னா பழைய உறுப்புதான். அது சட்டம்."

"சட்டம் யார் போட்டது?"

"நான்தான்" என்றார் மாமா கொஞ்சமும் கூச்சப்படாமல். "ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்குங்க. எல்லாரும் அதைத்தானே பண்றாங்க?"

அது உண்மைதான். அவர்கள் ஊரான ஷிமிஸுவில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். உடைந்த இரண்டில் ஒன்று பிழைக்கும். மற்றதன் மிச்சம் மாமாவின் மேசைக்கு அடியில் இருக்கும் நீலக் கூடைக்குப் போய்விடும்.

தோமோகா குனிந்து அந்தக் கூடையைப் பார்த்தாள். சக்கரமில்லாத உடல்கள், மூக்கில்லாத முகங்கள். ஒன்றின் முதுகில் கோணல் எழுத்தில் 'மசாகி, நான்காம் வகுப்பு' என்று எழுதியிருந்தது.

"சரி, கல் காகிதம் கத்திரி போட்டுப் பார்ப்போம். ஜெயிக்கிறவங்க காருக்குப் பெட்டி" என்றான் யோஹெய்.

போட்டார்கள். அவன் காகிதம், அவள் கத்திரி. தோமோகா ஜெயித்துவிட்டாள்.

யோஹெய் தன் காரைக் கவிழ்த்து வைத்து, திருப்புளியை எடுத்து, முதல் ஸ்க்ரூவைக் கழற்றி முட்டை அட்டையின் முதல் குழியில் போட்டான். தடுப்பூசிக்குக் கை நீட்டியவன் முகம் மாதிரி இருந்தது அவன் முகம். தோமோகா மூன்று ஸ்க்ரூ வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"நிறுத்துடா!"

"ஏன்? நீதானே ஜெயிச்ச?"

"பந்தயத்துல முதல்ல மூணு ஓட்டம். அப்புறம்தான் இறுதி ஓட்டம். சரியா?"

"ஆமா."

"நீ ஒரு ஓட்டத்துல, நான் ஒரு ஓட்டத்துல வந்தா? நான் ஓட்டி முடிச்சதும் பெட்டியைக் கழட்டி உன் கார்ல மாட்டிடலாம்ல?"

யோஹெய்யின் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது. "நடுவுலயா? பந்தயம் நடக்கும்போதா?"

"ஒன்பது ஸ்க்ரூ, ரெண்டு ஒயர். அவ்வளவுதானே?"

பக்கத்து மேசையில் கெய்த்தா தன் காருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பந்தயத்தில் இரண்டு முறை கோப்பை வாங்கியவன். மூன்றாவதையும் வாங்கியாகிவிட்டது போலவே பேசுவான்.

"ஆளுக்குப் பாதி காரா? அப்போ அது காட்டுப்பன்றி இல்ல, அரைப்பன்றி!" என்று சிரித்தான்.

தோமோகா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "மாமா, பெட்டியை மாத்தக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

மாமா சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். மறுபடி படித்தார். "இல்லம்மா. இப்படி ஒரு ஆள் வரும்னு நான் நினைக்கவே இல்லையே!"

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. முதல் முறை நாற்பத்தேழு நிமிடம் ஆனது. அதிலும் ஒயரை மாற்றி மாட்டிவிட்டதால் கார் பின்பக்கமாக ஓடி, அம்மாவின் பழக் கூடையில் மோதியது.

இரண்டாம் வாரம் முப்பது நிமிடம். பிறகு பத்தொன்பது. கடினமான இடம் ஒன்றே ஒன்று. பெட்டியை ஒரு கை பிடிக்க வேண்டும், ஸ்பிரிங்கோடு துள்ளும் மோட்டாரை ஒரு கை அழுத்த வேண்டும், ஸ்க்ரூவை ஒரு கை நிறுத்த வேண்டும், திருப்புளியை ஒரு கை திருக வேண்டும். நல்லவேளையாக அவர்களிடம் சரியாக நான்கு கைகள் இருந்தன. அக்டோபர் கடைசியில் பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்துவிட்டார்கள்.

"ரெண்டு பேரும் இறுதிக்குப் போயிட்டா என்ன பண்றது?" என்று யோஹெய் கேட்டான்.

"அந்தக் கவலை வரட்டும், அப்போ படலாம்" என்றாள் தோமோகா.

பண்பாட்டு நாள் வந்தது. கடைக்குப் பின்னால் இருந்த மண் பாதையைச் சுற்றி ஒரே கூட்டம். சீட்டு எடுத்தார்கள். இருவருக்கும் ஒரே ஓட்டம் விழுந்தால் எல்லாம் முடிந்தது. தோமோகாவுக்கு முதல் ஓட்டம். யோஹெய் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். மூன்றாவது ஓட்டம்!

"நடுவுல பதினைஞ்சு நிமிஷம். தாராளம்!" என்று தோமோகா குதித்தாள்.

முதல் ஓட்டம் தொடங்கியது. பத்துச் சுற்று ஓட வேண்டும். அம்மா வேலி ஓரம் சோற்றுருண்டையோடு உட்கார்ந்திருந்தார். "நாலாவது சுத்து முடியற வரைக்கும் நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லி, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். நான்காவது சுற்று முடிந்தது. அம்மா எழுந்து நின்றார். ஏழாவது சுற்றில் சோற்றுருண்டை கீழே விழுந்தது. பத்தாவது சுற்றில், கீறல் விழுந்த காட்டுப்பன்றி இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டியது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் இரண்டு பேருக்கு இறுதியில் இடம் உண்டு. பலகையில் தோமோகாவின் பெயர் ஏறியது. முப்பத்தெட்டு வருடமாக வழியில் நின்றிருந்த கார் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அவள் காரை வாரி எடுத்துக்கொண்டு யோஹெய்யிடம் ஓடினாள். நான்கு கைகளும் வேலையைத் தொடங்கின. முதல் ஸ்க்ரூ வெளியே வந்தது. இரண்டாவதும் வந்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "முதல் ஓட்டம் ஓட்டினவங்க எல்லாரும் வளைவுக்கு வாங்க. நிமிர்த்துற வேலைக்கு நேரமாச்சு!"

தோமோகாவும் யோஹெய்யும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஓர் ஓட்டத்தை முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு வளைவுகளில் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கடையின் மாதப் பந்தயங்களில் வேறு கார்களை ஓட்டிவிட்டு அவர்கள் இருவருமே நின்றிருக்கிறார்கள். ஆனால் முப்பது முறை பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு முறைகூட அது நினைவுக்கு வரவில்லை!

"நீ போ. நான் பார்த்துக்கறேன்" என்றான் யோஹெய்.

ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு தோமோகா மூன்றாவது வளைவில் நின்றாள். இரண்டாவது ஓட்டம் தொடங்கியது. மஞ்சள் கார் ஒன்று கவிழ்ந்தது. ஓடிப்போய் நிமிர்த்தினாள். திரும்பி வேலிக்கு அப்பால் பார்த்தாள்.

யோஹெய் பெட்டியைக் கழற்றிவிட்டான். மாட்டுவதுதான் பாடாக இருந்தது. பெட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கினான். மோட்டாரை மோவாயால் அழுத்தினான். ஸ்க்ரூ நழுவி மண்ணில் உருண்டது. தேடி எடுத்தான். மறுபடி நழுவியது. அவன் ஒரு முறைகூட இவள் பக்கம் பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தால் தோமோகாவுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"ஷிபாதா மாமா! எனக்குப் பதிலா வேற யாராவது நிக்கலாமா?" என்று அவள் கத்தினாள்.

"கூடாதும்மா! போன வருஷம் ஒருத்தன் தம்பியை நிறுத்திட்டு நூடுல்ஸ் சாப்பிடப் போயிட்டான். தம்பிக்கு மூணு வயசு. கவிழ்ந்த காரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கே போயிட்டான்! இடத்தை விட்டுப் போனா பலகையில பேரை அழிக்கணும். அதுதான் சட்டம்!"

தோமோகா பலகையைப் பார்த்தாள். அவள் பெயர் இரண்டாவதாக, வெள்ளையாக, அழகாக இருந்தது. இறுதி ஓட்டத்தில் ஓட்ட அவளுக்கு அவ்வளவு ஆசை.

மறுபடி யோஹெய்யைப் பார்த்தாள். இப்போது அவன் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா!" என்று கூப்பிட்டாள். "இந்த வளைவுல யாராவது நிக்கணும். நீ வர்றியா?"

அம்மா வேலியைத் தாண்டியே வந்துவிட்டார். "உன் பேரை அழிச்சிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

அம்மா மேல்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். அது அவருக்குத் தொப்புள் வரைக்கும்தான் வந்தது.

"மாமா, என் பேரை அழிச்சிடுங்க!" என்று கத்திக்கொண்டே தோமோகா ஓடினாள். யோஹெய்யின் முன்னால் மண்டியிட்டு மோட்டாரை அழுத்திப் பிடித்தாள்.

"லூசு! எதுக்கு வந்த?" என்றான் யோஹெய், பல்லில் ஸ்க்ரூவோடு.

"பேசாம திருகு."

திருகினான். நான்கு, ஐந்து, ஆறு. இரண்டாவது ஓட்டம் முடிந்துவிட்டது. ஏழு, எட்டு. மூன்றாவது ஓட்டத்துக்குக் கார்கள் வரிசையில் நின்றன. "சிவப்பு ஒயர் இந்தப் பக்கம்டா, பின்னாடி ஓடிடப் போகுது!" ஒன்பது! யோஹெய் ரிமோட்டோடு, ஓட்டுபவர்கள் நிற்கும் மேடைக்கு ஓடினான். தோமோகா காரைக் கோட்டில் வைத்து, கையை எடுத்த நொடியில் ஊதல் ஒலித்தது.

பளபளப்பான காட்டுப்பன்றி ஓடியது!

நேராக ஓடியது என்று சொல்ல முடியாது. மேல்கூட்டின் ஒரு கொக்கியைப் போட மறந்ததால் கூடு டப்டப்பென்று அடித்துக்கொண்டது. ஐந்தாவது சுற்றில் கவிழ்ந்தது. எட்டாவது சுற்றில் மறுபடி கவிழ்ந்தது. மற்ற எல்லோரும் முடித்த பிறகும் அதற்கு இரண்டு சுற்று பாக்கி இருந்தது. மாமா ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வேலி ஓரம் நின்ற யோஹெய்யின் அண்ணன், "ஓடுதுடா! டேய், பொணம் ஓடுதுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பத்தாவது சுற்று முடிந்து, அந்தக் கார் கடைசியாகக் கோட்டைத் தாண்டியது.

யோஹெய் மேடையிலிருந்து இறங்கி வந்தான். "உன் இடமும் போச்சு. நானும் கடைசி" என்றான்.

தனக்கு வருத்தமாக இருக்கிறதா என்று தோமோகா உள்ளே தேடிப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. ஆனால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வந்தது.

இறுதி ஓட்டத்துக்குக் காரைத் துடைத்துக்கொண்டே கெய்த்தா வந்தான். "கையில இருந்த இடத்தை விட்டுட்டுக் கடைசியில வந்தீங்களே! அரைப்பன்றிகளா, இது தேவையா உங்களுக்கு?"

"கெய்த்தா, உன் கியர் பெட்டி இன்னிக்கு எத்தனை சுத்து ஓடுச்சு?" என்று தோமோகா கேட்டாள்.

"பத்து. ஏன்?"

"எங்க பெட்டி இருபது."

கெய்த்தாவின் துணி பாதியில் நின்றது. "இறுதி ஓட்டம் முடிஞ்சா எனக்கும் இருபதுதான்!"

"முதல்ல ஓடிட்டு வா. பந்தயம் முடிஞ்சதும் பாதை எல்லாருக்கும் பொது. எங்க பெட்டி அதுக்குள்ள அடுத்த பத்துக்குத் தயாரா இருக்கும்."

"யார் ஓட்டப்போறாங்க?" என்றான் கெய்த்தா.

அம்மா ஆரஞ்சு மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், தன் பழைய காரின் ரிமோட்டைத் தேடிக்கொண்டு மேசைக்கு வந்தார். யோஹெய் அதற்குள் முதல் ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தான்.