உறைக்கூறு கேட்ட வயது

மிக்கேலம்மாளுக்கு மூச்சுப்பொறி கிடையாது என்று உறைக்கூறு சொல்லிவிட்டது. காரணம் சொல்லவில்லை. உறைக்கூறுகள் காரணம் சொல்வதில்லை.

தூத்துக்குடியின் அந்த மருத்துவமனையில் படுக்கை ஒதுக்குவது, மருந்தின் அளவைத் தீர்மானிப்பது, பிணவறையைத் திறப்பது எல்லாமே அவற்றின் வேலைதான். இரண்டு தலைமுறைக்கு முன் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதி, உறையிட்டதுபோல் மூடி வைத்த நிரல்துண்டுகள் அவை. எழுதியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மூலநிரலும் தொலைந்துவிட்டது. ஆனாலும் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று பெயர். அதனால் யாரும் அவற்றைத் தொடாமல், அவற்றுக்கு மேலே 'சாரம்' என்றொரு கட்டமைப்பை எழுப்பினார்கள். சாரத்தில் நாலு வரி எழுதினால் போதும், கீழே கிடக்கும் எந்தக் கூறையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், பதில் வாங்கலாம். உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் முடியாது.

அங்கே அந்த நாலு வரிகளை எழுதுவதுதான் பெர்னதெத்தின் பிழைப்பு. இப்போது அவளுடைய அம்மா மிக்கேலம்மாள் மருத்துவமனை நடைக்கூடத்தில், உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். கண்ணாடிக்கு அப்பால் மூச்சுப்பொறிகள் சும்மா நின்றன.

டாக்டர் அன்வர்தீன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மெஷின் இருக்கும்மா. கூறு சம்மதிக்காம அதுல காத்து வராது. நான் என்ன செய்ய?"

பெர்னதெத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் விவரங்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கூறைக் கூப்பிட்டுப் பார்த்தாள். எழுபத்திரண்டு என்ற வயதை நாற்பத்தெட்டாக்கியதும் அது சம்மதித்தது. பொறிகள் பற்றாக்குறையாக இருந்த ஏதோவொரு கொள்ளைநோய்க் காலத்தில் யாரோ எழுதி வைத்த வயது வரம்பாக இருக்கலாம். அதன் பிறகு பொறிகள் பெருகிவிட்டன. கூறுக்கு அது தெரியாது.

ஒரு நோயாளிக்குச் சாரத்தில் ஒரே ஓர் உருதான், அதாவது ஒரே ஒரு விவரப் பதிவுதான் உண்டு. எல்லாக் கூறுகளும் அதிலிருந்துதான் வயதையும் எடையையும் படித்துக்கொள்ளும். பெர்னதெத்துக்கு அது தெரியும். தெரிந்தேதான் எழுதினாள்.

சாயங்காலம் முகமூடியை விலக்கிக்கொண்டு அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி, அந்தப் பொட்டி மாட்டேன்னுல சொல்லிச்சு. எப்படி மனசு மாறுச்சு?"

"ஒன் வயசக் கொறச்சிப் போட்டேன்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "கல்யாணத்துக்குக் கூட்டிச் சொன்னாவ. சாவுக்குக் கொறச்சிச் சொல்லுதியா?"

மறுநாள் அவளுடைய கால்கள் வீங்கின. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மருந்துக்கூறு நாற்பத்தெட்டு வயதுக்காரியின் சிறுநீரகத்துக்குக் கணக்கிட்டு மருந்தை இறக்கிக்கொண்டிருந்தது. கையால் குறைக்கச் சொல்லி பெர்னதெத் கெஞ்சினாள். குழாயும் கூறின் பேச்சைத்தான் கேட்கும் என்றார் டாக்டர். வயதைத் திருத்தினால் மூச்சு நின்றுவிடும். அவள் உருவில் அம்மாவின் எடையைப் பாதியாக்கினாள்.

மருந்து குறைந்தது. வீக்கம் வடிந்து அம்மா கண் விழித்தாள். ஆனால் உணவுக்கூறும் அதே எடையைத்தான் படித்தது. குழந்தைக்கு ஊட்டுகிற அளவே கஞ்சி இறங்கியது. கஞ்சி கூடட்டும் என்று உயரத்தைக் கூட்டினாள் பெர்னதெத். அதைப் படித்து வேறொரு கூறு வேறெதையோ மாற்றியது. கட்டிலில் கிடந்தவளுக்கும் சாரத்தில் இருந்தவளுக்கும் பெயரைத் தவிர எதுவும் ஒத்துப்போகவில்லை. திரையைப் பார்த்துப் பார்த்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூட அவளுக்கு நேரமில்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிக்கேலம்மாள் இறந்துபோனாள். எந்தப் பொய்யால் இறந்தாள், அல்லது உண்மையான வயதாலேயே இறந்தாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள யாருமில்லை. இறந்தவுடன் உரு பூட்டிக்கொண்டது. இனி அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது.

பிணவறை வாசலில் பெர்னதெத் விரல் பதித்தாள். உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினாள். திரை பதில் சொன்னது: இறந்தவர் வயது நாற்பத்தெட்டு. கோருபவர் வயது ஐம்பது. உறவு பொருந்தவில்லை.

மறுபடி எழுதினாள். அதே பதில்.

அன்வர்தீன் பின்னால் வந்து திரையைப் படித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கான்னு போட்டுப் பாருங்கம்மா."

அவள் அக்கா என்று எழுதினாள். கதவு திறந்தது.