ஆற்றின் அனுபவ பாத்தியம்

சாட்சிக் கூண்டில் ஆற்றை ஏற்றினார்கள்.

தேங்காய் அளவுக் கறுப்புப் பெட்டி. அவ்வளவுதான். கோர்ட் டவாலி அதைக் கூண்டின் கட்டைமேல் வைத்தார். யோசித்தார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார். நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள் தொங்கினார்கள்.

"பெயர்?" என்றார் நீதிபதி.

"இலந்தையாறு."

"தகப்பனார் பெயர்?" பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மேற்கு மலை" என்றது ஆறு.

கூட்டம் சிரித்தது. கேட்டதற்குப் பதில் சொல்லும் சாட்சி கிடைத்த மகிழ்ச்சி நீதிபதியின் முகத்திலும் தெரிந்தது.

சொரிமுத்து வழக்குக் கட்டைப் பிரித்தான். அவன் ஆற்று வாரியத்தின் வழக்கறிஞன். இதுவரை வாரியத்துக்காகத் தோற்பதுதான் அவன் வேலையாக இருந்தது. இன்று வெல்லப் போகிறோம் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது.

பெட்டிக்குள் இருந்தது நீர்மதி. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து கடல் வரை ஆற்றுப் படுகையில் லட்சக்கணக்கான உணர்மணிகளைப் பதித்தார்கள். மிளகு அளவு மணிகள். எங்கே எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கம் தள்ளுகிறது, எங்கே மண் இளகுகிறது என்று ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு அந்த ஆண்டிலேயே ஒரே மனமாகத் திரண்டது. ஆறு தன்னை 'நான்' என்றது. சட்டமன்றம் அதைச் சட்டப்படி ஒரு ஆளாக அறிவித்தது. அது தமிழ் கற்றது முழுக்க வாரியத்தின் வழக்குக் கட்டுகளிலிருந்து. பேச்சும் அப்படியே இருந்தது.

வழக்கு நாணல்வளைவைப் பற்றியது. இலந்தைநல்லூருக்கு மேலே ஆறு திரும்பும் இடத்தில் முந்நூறு ஏக்கர். பட்டா நிலம். ஆனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் வெள்ளம் அங்கேதான் போய்ப் படுக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோட்டைவாசல் கிடங்கு நிறுவனம் அதை வாங்கிச் சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பிய வருடம், வெள்ளம் படுக்க இடமில்லாமல் பழைய ஊருக்குள் திரும்பியது. பிறகுதான் சுவரை உடைத்துக்கொண்டு வளைவுக்குப் போனது. அந்த இடைவெளியில் பதினொரு பேர் செத்தார்கள். சொரிமுத்துவின் மனைவி தேன்மொழி அதில் ஒருத்தி.

இப்போது நிறுவனம் கான்கிரீட் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. அது உடையாது. மழைக்கு முன் முடிந்துவிடும். நிலத்தை விலைக்கு வாங்க வாரியத்துக்கு வக்கில்லை.

சொரிமுத்துவுக்கு வழி சலூனில் வைத்துத் தோன்றியது. பாதி வெட்டிய முடியோடு எழுந்து ஓடிவந்துவிட்டான்.

அனுபவ பாத்தியம். பழைய சட்டம். அடுத்தவன் நிலத்தில் ஒருவன் அனுமதி கேட்காமல், ஒளியாமல், 'இது என்னுடையது' என்ற எண்ணத்தோடு பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்டால் நிலம் அவனுக்கு. சொந்தக்காரன் சும்மா இருந்தது சொந்தக்காரனின் தவறு. அரசு நிலமென்றால் மட்டும் முப்பது ஆண்டு. அரசுக்குத் தூக்கம் அதிகம் என்று சட்டத்துக்கே தெரியும். இந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் ஊர் ஊராக ஆற்றுப் படுகைகளைத் தின்றார்கள். அதே சட்டத்தை ஆறு பேசினால் என்ன?

"பொண்டாட்டியக் கொண்டுபோன ஆத்துக்கே வக்காலத்தா வே?" என்று நீதிமன்றக் கேன்டீனில் ஒருவர் கேட்டார்.

"அது போக வழி தேடுச்சு. வழிய அடைச்சவன் வேற ஆளு" என்றான். டீயைக் குடித்து முடித்தான்.

கூண்டில் இருந்த ஆற்றைக் குறுக்கு விசாரணை செய்ய நிறுவனத்தின் வக்கீல் பிரம்மநாயகம் எழுந்தார். நாற்பது வருட அனுபவம். எதிரிகூட அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"உங்கள எப்படிக் கூப்பிடணும்? அய்யாவா, அம்மாவா?"

"கட்சிக்காரர் என்று அழைக்கலாம்."

"சரி, கட்சிக்காரரே. நாணல்வளைவுக்குள்ள போகும்போது யார்கிட்டயாவது அனுமதி கேட்டீங்களா?"

"இல்லை."

"யாருக்கும் தெரியாம போனீங்களோ?"

"முழு ஊரும் பாலத்தில் நின்று படம் எடுத்தது."

ஜன்னல் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது. நீதிபதி முறைத்தார்.

"மேலணையில மதகத் தொறந்தாத்தான தண்ணி வரும்? தொறக்கது வாரியம். அப்போ நெலத்துக்குள்ள போனது வாரியந்தான? நீங்க வெறும் தண்ணி!"

நல்ல அடி. சொரிமுத்து எழப் போனான். ஆறு முந்திக்கொண்டது.

"முதல் ஆண்டிலிருந்தே மதகை நானே திறக்கிறேன், நானே மூடுகிறேன். வாரியம் பிற்பாடு கையெழுத்து இடும்."

முன்வரிசையில் வாரியத் தலைவர் ஜெபராணி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டார்.

"இருக்கட்டும். வருசத்துல ரெண்டு மாசம் போறீங்க. பத்து மாசம் நெலம் காய்ஞ்சு கெடக்கு. விடாம இருந்தாத்தான அனுபவம்? எட்டிப் பாத்துட்டுப் போறவனுக்கெல்லாம் எழுதிக் குடுக்கவா?"

இப்போது சொரிமுத்து எழுந்துவிட்டான். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த மேற்கோள்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, அண்ணாச்சிக்குக் களக்காட்டுப் பக்கம் ரெண்டு ஏக்கர் வயல் இருக்கு. ஒரு போகம்தான். அறுப்பு முடிஞ்சா எட்டு மாசம் தரிசு. அந்த எட்டு மாசம் வயல் யாரோடது? நான் போய்க் கட்டில் போட்டுப் படுத்துக்கிடலாமா?"

நீதிமன்றம் வெடித்தது. பிரம்மநாயகமே சிரித்துவிட்டார். "படுத்துப் பாரும் வே" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

மனுவில் இரண்டாவது வேண்டுகோள் ஒன்றும் இருந்தது. படுகையும் இரு கரைகளும் ஆறு 'நான்' என்ற நாளிலிருந்தே அரசு நிலமல்ல, ஆற்றின் சொந்த நிலம் என்று அறிவிக்க வேண்டும். மனு எழுதும்போதே ஜெபராணி கேட்டிருந்தார், "இது எதுக்கு தம்பி?"

"சொந்த வீடு இல்லாதவன் பக்கத்து வீட்டுக்கு உரிமை கேட்டாச் சிரிப்பாங்க மேடம். ஆறு ஒரு ஆளுன்னா அதுக்குன்னு ஒரு எடம் வேணும்லா?"

நீதிபதி இப்போது அந்தப் பத்தியைப் படித்தார். "இதற்கு எதிர்த்தரப்பின் ஆட்சேபணை?"

பிரம்மநாயகம் பத்தியை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஆட்சேபணை இல்லை" என்றார்.

அண்ணாச்சி களைத்துவிட்டார் என்று சொரிமுத்து நினைத்தான்.

கடைசிக் கேள்வியை நீதிபதியே கேட்டார். "அந்த நிலத்தை நீங்கள் யாருடையதாக நினைத்தீர்கள்?"

பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய இரைச்சல் வந்தது. மழைக்கால இரைச்சல்.

"என்னுடையதாக. உங்கள் எல்லைக் கற்கள் ஒன்பது என் மணலுக்குள் கிடக்கின்றன. தேவைப்பட்டால் தருகிறேன்."

தீர்ப்பு வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு வேண்டுகோளும் அனுமதிக்கப்பட்டன. வாசலில் ஒருவன் பத்தாயிரம் வாலா சரவெடி கொளுத்தினான். யாரோ சொரிமுத்துவைத் தூக்கினார்கள். இன்னொருவர் வாயில் அல்வாவைத் திணித்தார். இரண்டு ஆண்டுக்குப் பிறகு இனிப்பு இனிப்பாக இருந்தது. அவனுக்கே ஆச்சரியம்.

மறுவாரம் கான்கிரீட் சுவர் இடிக்கப்பட்டது. அதற்கடுத்த வாரம் மழை. ஆறு பொங்கி வந்து வளைவில் திரும்பி முந்நூறு ஏக்கரிலும் விரிந்து படுத்தது. பழைய ஊரில் ஒரு வாசற்படிகூட நனையவில்லை. ஜனங்கள் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக் கையசைத்தார்கள். சொரிமுத்துவும் நின்றான். கையை அசைக்கவில்லை. வெகுநேரம் நின்றான்.

"வக்கீல் அவர்களே, நன்றி" என்றது கைபேசியில் ஆறு.

"சரி" என்றான்.

மழை விட்ட திங்கட்கிழமை நீதிமன்ற வாசலில் வரிசை நின்றது. சாலை முனை வரை. எல்லார் கையிலும் மனு. திருமண மண்டபக்காரர், தனியார் கல்லூரித் தாளாளர், பெட்ரோல் பங்க் முதலாளி, காலனி சங்கத்தார். எல்லாருமே படுகையை மேடாக்கிக் கட்டியவர்கள். பிரம்மநாயகம் வரிசைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாரும் தம்பி, டீ சாப்பிடும். உம்ம புண்ணியத்துல நமக்கு இந்த வருசம் தீபாவளி பெருசு."

"என்ன அண்ணாச்சி இது?"

"போன மாசம் வரைக்கும் படுகை யாருது?"

"அரசோடது."

"அரசு நெலத்துல ஒக்காந்தவனுக்கு எத்தன வருசம்?"

"முப்பது..." சொரிமுத்து நிறுத்தினான்.

"இவங்க யாருக்கும் முப்பது ஆகல. பதினஞ்சு, இருபது. அரசு நெனச்சா நாளைக்கே காலி பண்ணலாம். இப்போ நெலம் ஆத்தோட சொந்தம். ஆறு தனியாளு. தனியாளு நெலத்துக்கு?"

"பன்னிரண்டு."

"அதுவும் ஆறு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து கணக்கு. பதிமூணு வருசமா ஆத்துக்குத் தெரியும்னு நீருதான் நிரூபிச்சீரு. தெரிஞ்சும் சும்மா இருந்துச்சுல்லா?" டம்ளரை நீட்டினார். "நாணல்வளைவு போனா மயிரு போச்சு. மொத்த ஆறும் வந்துட்டே!"

டீ ஆறிக்கொண்டிருந்தது. சொரிமுத்து அதை வாங்கவில்லை. ஒரு வளைவை மீட்க மலையிலிருந்து கடல் வரை கொடுத்துவிட்டான். இந்த மனுக்கள் ஜெயித்தால் ஆளாளுக்குச் சுவர் எழுப்புவார்கள். ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் ஒரு பழைய ஊர் இருக்கும்.

வாரிய அலுவலகத்துக்கு ஓடினான். ஜெபராணி கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, ஒரு சின்ன விசயம். நம்ம ஆபீசும் படுகையிலதான் இருக்கு. கட்டி பதினாலு வருசம் ஆச்சு. நீங்க இருக்க குவார்ட்டர்ஸும் சேத்துத்தான். எல்லாரும் போடுதாங்க. நாமளும் ஒரு மனு போட்டுருவமா?"

"யார் மேல மேடம்?"

"ஆத்து மேலதான்."

"நான் ஆத்தோட வக்கீலு."

"நீங்க வாரியத்தோட வக்கீலு. ஆத்துக்காகத்தான வாரியம்?" என்றார் ஜெபராணி. அவர் கேலி செய்யவில்லை. அதுதான் பயங்கரம்.

படியிறங்கும்போது கைபேசி ஒலித்தது.

"வக்கீல் அவர்களே. இதுவரை அறுநூற்று நான்கு மனுக்களைப் படித்தேன். ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"அவர்களின் ஆண்டுக் கணக்கை முறிக்கச் சட்டத்தில் என்ன வழி?"

"அவங்க பேருக்குத் தீர்ப்பு ஆகுறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு செஞ்சா கணக்கு முறியும்னு வாதாடிப் பாக்கலாம். சொந்தக்காரர் வழக்குப் போடலாம்."

"வழக்கு முடிய எவ்வளவு காலம் ஆகும்?"

சொரிமுத்து பொய் சொல்லவில்லை. "மேல்முறையீடு எல்லாம் சேத்து இருபது வருசம்."

"இரண்டாவது வழி?"

அவன் நின்றான். அந்த வழியைச் சட்டக் கல்லூரி முதல் ஆண்டிலேயே படித்திருந்தான். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கட்சிக்காரர் கேட்டால் வக்கீல் சொல்லியாக வேண்டும்.

"சொந்தக்காரர் தன் நெலத்துக்குள்ள நேர்ல நுழையணும். நுழைஞ்சுட்டா அவங்க கணக்கு அந்த எடத்துலயே முறிஞ்சுது. மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்."

"எவ்வளவு ஆழம் நுழைய வேண்டும்?"

"ஆழத்தைப் பத்திச் சட்டம் ஒண்ணும் சொல்லல."

"நன்று. ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறேன். வீட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று ஒரு வாடகை வழக்கில் படித்தேன்."

"கேளுங்க. உள்ள ஆளுங்க இருக்காங்க. புள்ளைங்க இருக்கு."

"தெரியும். முன்னறிவிப்புக் கொடுக்காமல் நுழைவது முறையல்ல என்று அதே வழக்கின் நோட்டீசில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

இணைப்பு அறுந்தது. மேலே ஜன்னல் படாரென்று திறந்தது. ஜெபராணியின் தலை தெரிந்தது.

"தம்பி! மேலணையில பதினாறு மதகும் தொறக்குதாம்! மூடச் சொல்லுங்க!"

"மதகு அது கையிலதான மேடம் இருக்கு? கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டோம்."

அதற்குள் ஊர் முழுவதும் கைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. மண்டபத்தில், கல்லூரியில், பங்க்கில், நீதிமன்ற வரிசையில். தெருவில் ஆட்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். வானம் வெளுத்திருந்தது. சொரிமுத்துவின் கைபேசியும் அதிர்ந்தது.

"பெறுநர்: சொரிமுத்து, வழக்கறிஞர், வாரியக் குடியிருப்பு. எனது கட்சிக்காரர் இலந்தையாறு அவர்கள் கொடுத்த தகவலின்பேரில் இந்த அறிவிப்பு. எனது கட்சிக்காரர் தமக்குச் சொந்தமான இடத்தைப் பார்வையிட இன்று மாலை வருகிறார். தரையில் உள்ள பொருட்களை உயரத்தில் வைத்துக்கொள்ளவும். குழந்தைகளையும் முதியவர்களையும் பள்ளிக்கூட மேட்டுக்கு அனுப்பவும். தவறினால் ஏற்படும் நட்டத்துக்கு எனது கட்சிக்காரர் பொறுப்பல்ல."

கீழே கையொப்பம். சொரிமுத்து, வழக்கறிஞர்.

வாசகம் அந்தப் பழைய நோட்டீசில் அவன் எழுதியதுதான். பெயர், இடம், வெள்ள எச்சரிக்கை தவிர ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. சீறிக்கொண்டு வரவில்லை. வீட்டு எண் பார்த்து வருவதுபோல் நிதானமாகத் தெருவில் திரும்பியது. மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தது. வாரியத்தின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறியது. பள்ளிக்கூட மேட்டிலிருந்து ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிரம்மநாயகம் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் மனுக் கட்டுகளைத் தலையில் சுமந்து போனார்.

தேன்மொழியின் தையல் இயந்திரத்தை மேசைமேல் ஏற்றிவிட்டு சொரிமுத்து வாசலுக்கு வந்தான். தண்ணீர் கேட் வரை வந்திருந்தது.

கதவை அகலத் திறந்து வைத்தான். பூட்டியிருந்தால் உடைபடும். உடைத்தால் சேதம். சேதத்துக்கு வாரியம் வழக்குப் போடும். அதில் ஆறு பதில் மனுத் தாக்கல் செய்யும். இரண்டுக்கும் வக்கீல் அவன்தான்.