வெயிலுக்காக நின்ற ஆட்டம்

கரூங்கா ஊரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் வருடம் முழுக்க நன்றாகத்தான் பேசிக்கொள்ளும். டிசம்பரில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் எலியும் பூனையும். அன்று புல்வெளியில் கிரிக்கெட்.

ஜெயித்த தெருவுக்கு நசுங்கிய கெட்டில் ஒன்று பரிசு. பகல் ஒரு மணிக்குள் யாரும் ஜெயிக்காவிட்டால், போன வருடம் வென்ற மேலத்தெருவிடமே அது தங்கிவிடும்.

விதிகளும் அந்த ஊர் விதிகள். பந்தை நாய் கவ்விக்கொண்டு ஓடினால் நாலு ரன். மைதான ஓரத்தில் கறிச் சாசேஜ் சுடுகிற தட்டில் பந்து விழுந்தால் ஆறு, ஆனால் அடித்தவருக்கு அன்று சாசேஜ் கிடையாது. மழையால் ஆட்டம் நின்றால், அந்த நேரத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்து வயது பிரையனிக்கு இதுதான் முதல் ஆட்டம். அவள்தான் கீழத்தெருவின் கடைசி ஆள். பாக்கி ஒரே பந்து, வேண்டியது மூன்று ரன். மேலத்தெருக் கேப்டன் கறிக்கடை நெவில் புயல்போல ஓடிவந்தார்.

"அங்கிள், நிறுத்துங்க!"

நெவில் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்தார். "என்னம்மா, பயமா?"

"பிட்ச்ல ஒரு பூச்சி."

கட்டைவிரல் அளவு அந்துப்பூச்சி. சரியாகப் பந்து விழும் இடத்தில், பின்சிறகை விரித்துத் தங்கமாக மின்னிக்கொண்டிருந்தது.

"ஊதிவிடு, பறந்துடும்."

"பொண்ணு பூச்சி அங்கிள், அதுக்குச் சரியாப் பறக்க வராது. ரெண்டு வருஷமா மண்ணுக்குள்ள புல்வேரைத் தின்னு வளந்து, இப்பத்தான் வெளிய வந்திருக்கு. ரெண்டு நாள்தான் உயிரோட இருக்கும். அதுக்குள்ள மாப்பிள்ளை கிடைக்கணும்."

"அப்ப தூக்கிப் புல்லுக்குள்ள விடு."

"அங்க விட்டா மாப்பிள்ளை கண்ணுல எப்படிப் படும்?"

மணி பன்னிரண்டே முக்கால். காத்திருந்தால் கெட்டில் போய்விடும் என்று பிரையனிக்கும் தெரியும். ஆனாலும் மட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளுடைய தம்பி ஓரின் சாசேஜ் துண்டோடு ஓடிவந்தான். "பாவம், பூச்சிக்குப் பசிக்கும்."

"அதுக்கு வாயே கிடையாதுடா."

"வாயே இல்லையா!" என்றாள் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த டோரீன். "எங்க வீட்டுக்காரருக்கு அந்த வரம் கிடைக்கலையே!"

அவள் வீட்டுக்காரர் நெவில்தான்.

ஆண்பூச்சி ஒன்று தாழப் பறந்து வந்தது. வந்த வேகத்திலேயே தாண்டிப் போனது.

"டேய், பொண்ணு இங்க இருக்குடா!" என்று நெவில் கத்தினார். "கண்ணு தெரியலையா?"

அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் சூரியனை மறைத்தது.

"போச்சு. வெயில் அடிச்சாத்தான் மாப்பிள்ளைங்க பறப்பாங்க," என்றாள் பிரையனி.

நெவிலுக்குத் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேகத்தைப் பார்த்து வீசினார். "போ! அந்தப் பக்கம் போ!"

இரண்டு தெருவும் சேர்ந்து, "போ! போ!" என்று கத்தியது. அந்தக் கூச்சலில் ஒரு மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

மேகம் விலகியது. இன்னொரு ஆண்பூச்சி வந்தது, வட்டமடித்தது, இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். டோரீன் மூக்கை உறிஞ்சினாள்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளை பறந்துவிட்டது. மணப்பெண் ஆடி அசைந்து இடதுபக்கப் புல்லுக்குள் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் நெவில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே கால்! கெட்டில் எங்களுக்குத்தான்!"

"மழையில போன நேரத்தைச் சேத்துக்கலாமே அங்கிள்?"

"எங்கம்மா மழை?"

"மேகம் மறைச்சுத்தானே நேரம் போச்சு? அதைப் பாத்துத் தொப்பியை வீசினது யாரு?"

மேலத்தெருக்காரர்களே சிரித்துவிட்டார்கள். நெவில் முணுமுணுத்துக்கொண்டே பந்தை எடுத்தார்.

பிரையனி மணப்பெண் போன பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பந்து வந்ததும் வலதுபக்கமாகத் திரும்பிக் கண்ணை மூடி ஓங்கி அடித்தாள்.

சொய்ங்!

பந்து சாசேஜ் தட்டின் நடுவில் கிடந்தது. ஆறு ரன்!

ஓரின் கெட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். பிரையனிக்குக் கிடைத்தது ரொட்டியும் வதக்கிய வெங்காயமும் மட்டும். நெவில் தன் சாசேஜை அவள் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

"கல்யாணத்தை நடத்திவெச்ச உனக்கே விருந்து இல்லையே!"

"கல்யாணப் பொண்ணே சாப்பிடலை அங்கிள்," என்றாள் பிரையனி, வாய் நிறைய வெங்காயத்தோடு.