அம்மா தூக்கிய இரண்டு பைகள்

ஈஸ்வரி படிக்கும் பள்ளிக்கூடத்தில் நான்கு மாதமாக ஒரு பெரிய கஷ்டம். கணக்குப் பாடம் இல்லை, மதியச் சாப்பாடு.

ஒரு நாள் சாம்பாரில் உப்பு கரிக்கும். மறுநாள் அதைச் சரிக்கட்டுவதற்காக உப்பே இருக்காது. சமையல் உதவியாளர் சகுந்தலா ரொம்ப நல்லவர். ஆனால் நல்லவர்களுக்கெல்லாம் சமையல் வந்துவிடுமா, என்ன?

அந்தப் பள்ளியின் சமையலர் உண்மையில் ஈஸ்வரியின் அம்மா அம்சவல்லிதான். அவர் வைக்கும் சாம்பாருக்காகவே காய்ச்சல் இருந்தாலும் பள்ளிக்கு வந்துவிடும் பிள்ளைகள் ஜவ்வாது மலையில் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன்பு வேலூரில் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. பழுதாகிப் போன வால்வை எடுத்துவிட்டுப் புது வால்வு வைத்தார்கள். நெஞ்செலும்பு நன்றாகக் கூடும்வரை கனமான எதையும் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்கம்பக்கத்தார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா ஒரு சொம்பை எடுத்தால் போதும், பக்கத்து வீட்டுத் திரௌபதி அத்தை ஓடி வந்து பிடுங்கிக்கொள்வார்.

"நெஞ்ச கீறி தெச்ச ஒடம்பு! சும்மா ஒக்காரு, அம்சா!"

ஆனால் மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உடற்பயிற்சி சொல்லித்தரும் ராஜேஸ்வரி மேடம் நேர்மாறாகச் சொன்னார்.

"இனிமே தூக்கணும்மா. கையும் காலும் பலமா இருந்தா இதயத்துக்குப் பாரம் கொறையும். கொஞ்சமா ஆரம்பிச்சு, மெதுவா ஏத்தணும்."

ஒரு கைக்கு அரைக் கிலோ, அப்புறம் ஒரு கிலோ. தினமும் பத்துத் தடவை. மூச்சை அடக்கக் கூடாது என்பதால் வாய்விட்டு எண்ணிக்கொண்டே தூக்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும். பத்துத் தடவையும் சுலபமாக வந்துவிட்டால், கொஞ்ச நாளில் சமையல் வேலைக்கே திரும்பலாம்.

வீட்டில் எடைக்கல் கிடையாது, தானியம் அளக்கும் படிதான் இருந்தது. அப்பா தீர்த்தகிரி ஒரு படி சாமையைச் சேட்டு மாமாவின் மளிகைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒரு கிலோ. பழைய துணியில் இரண்டு பைகள் தைத்து, பைக்கு முதலில் அரைப் படி, அப்புறம் ஒரு படி சாமை போட்டுக் கட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு படி என்றால் ஒரு கிலோ என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் ஆனால் அம்மா முற்றத்தில் நின்று பைகளைத் தூக்குவார். "ஒண்ணு... ரெண்டு..." என்று ஈஸ்வரியும் கூடவே எண்ணுவாள். வெள்ளிக்கிழமை பத்து முடிந்த பிறகும் அம்மாவுக்கு முகம் வாடவே இல்லை.

"இன்னாடி இது, பஞ்சாட்டம் இருக்குது!" என்று சிரித்தார்.

சனிக்கிழமை நான்காவது எண்ணும்போதே அம்மாவின் கைகள் நடுங்கின. மூச்சு வாங்கியது. பைகளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. ரொம்ப நேரமா நின்னுக்கினு இருந்தேன் இல்ல, அதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தூக்கிப் பார்த்தார். மூன்றுதான் வந்தது. அம்மா பைகளைச் சுவரோரம் தள்ளி வைத்தார். பிறகு, "நோட்டு எடுத்துக்கினு வா. ஒரு லெட்டர் எழுதணும்" என்றார்.

"யாருக்கும்மா?"

"ஒங்க எச்செம் சாருக்கு. இனிமே என்னால சமையல் வேலைக்கு வர முடியாது, வேற ஆளு பாத்துக்கங்கன்னு எழுது."

ஈஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கும்மா?"

"ஒரு கிலோவையே தூக்க முடியல. அறுவது புள்ளைங்களுக்குப் பொங்கற சோத்து குண்டான எப்பிடிடீ எறக்குவேன்? புது வால்வு எனக்கு ஒத்துக்கல போல." அம்மா வாசலை எட்டிப் பார்த்தார். "அப்பாகிட்ட இப்பத்திக்கு சொல்லாத. பயந்துக்கும்."

"மேடத்துக்குப் போன் பண்ணலாம்மா."

"வேணா. அவங்க இன்னும் இன்னா சொல்லுவாங்களோ? எழுது."

ஈஸ்வரி எழுத உட்கார்ந்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்ற இரண்டு சொல்லை எழுத அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. பென்சில் முனையை வேண்டுமென்றே இரண்டு தடவை உடைத்தாள். எத்தனை தடவை உடைத்தாலும் சீவினால் மறுபடி எழுதத்தான் செய்தது, பாழாய்ப்போன பென்சில்!

கடைசியில் கடிதம் முடிந்தது. அம்மா அதை மடித்து ஈஸ்வரியின் பள்ளிப் பைக்குள் வைத்தார். மறுநாள் காலை தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஈஸ்வரி முற்றத்திலேயே உட்கார்ந்து யோசித்தாள். வெள்ளிக்கிழமை பத்து. சனிக்கிழமை நான்கு. நடுவில் காய்ச்சல் இல்லை. மாத்திரையையும் அவள்தான் நேரம் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். சாப்பாடும் அதே களிதான். ஒரே நாளில் ஒரு மனுஷிக்குப் பலம் எங்கே போகும்?

யோசித்துக்கொண்டே ஒரு பையைத் தூக்கினாள். கை சட்டென்று கீழே இழுத்தது.

இந்தப் பைகளை அவள் எத்தனையோ தடவை எடுத்து வைத்திருக்கிறாள். இப்படி இழுத்ததே இல்லை. அவசர அவசரமாக முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சாமை இல்லை. மணல் இருந்தது.

அப்பா கொல்லையில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஈஸ்வரி பையோடு ஓடினாள்.

"அப்பா! பையில மணலு யாரு போட்டது?"

"நான்தான்!" அப்பா பெருமையாக நிமிர்ந்தார். "எலி பைய கடிச்சி சாமையெல்லாம் தின்னுட்டுது. அதான் சனிக்கெழம காலையில கிழிசல தெச்சிட்டு, ஓடை மணல போட்டேன். மணல எலி தின்னுமா? எப்பிடி என் மூள?"

"எவ்ளோ போட்டீங்க?"

"அதே ஒரு படிதான். தலதட்டி அளந்தேன். ஒரு சிட்டிக கூடல, கொறையல."

"வாங்க, சேட்டு மாமா கடைக்கு! சாமையும் ஒரு படி எடுத்துக்கங்க!"

சேட்டு மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னா பாப்பா, மணலு விக்க வந்தியா? இங்க புளி, சாமைதான் வாங்குவேன்."

"எடை மட்டும் போடுங்க மாமா."

முதலில் சாமையை வைத்தார். தராசில் ஒரு கிலோ ஐம்பது கிராம் என்று காட்டியது. அடுத்து மணல் பையை வைத்தார். இரண்டு கிலோ எழுநூறு!

அப்பா நம்பவில்லை. "சேட்டு, ஒன் மிஷினு ரிப்பேரு."

சேட்டு மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். சரியாக ஒரு கிலோ. அப்பா தலையைச் சொறிந்தார்.

"படி ஒண்ணுதானேம்மா?"

"படி ஒண்ணுதாம்ப்பா. எடை ஒண்ணு இல்ல. சாமை லேசு, மணலு கனம்." ஈஸ்வரி மனக்கணக்குப் போட்டாள். அவள் கண்கள் விரிந்தன. "ரெண்டு கையிலயும் சேத்து அம்மா அஞ்சு கிலோ நானூறு தூக்கியிருக்காங்க!"

வீடு வரைக்கும் அவள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோழிகள் இரண்டு பக்கமும் பறந்தன.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்தார். முதலில் அப்பாவை முறைத்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆவலையா?"

"அத மேடம்தாம்மா சொல்லணும். இப்பவாவது போன் பண்ணு."

அம்மா போன் செய்தார். மேடம் சிரிக்கவில்லை. நெஞ்சு வலித்ததா, தலை சுற்றியதா, மூச்சு எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலி இல்லை, சுற்றல் இல்லை, இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது என்று அம்மா சொன்னார். அப்புறம்தான் மேடத்துக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு நாளு பைய தொடாதீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, பாத்துடலாம். கை நடுங்குனா அன்னைக்கே கூப்புடணும், புரியுதா? ஒங்க வூட்டுக்காரர எதையும் அளக்க வேணாம்னு சொல்லுங்க. இனிமே எடை பாக்குறது ஈஸ்வரி வேலை."

அம்மா பள்ளிப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். ஒரு தடவை படித்துப் பார்த்தார். நேராகப் போய் அடுப்பில் வைத்து, அதே நெருப்பில் டீ போட்டார். அந்த டீ எல்லாருக்கும் இனித்தது.

மறுநாள் வேலூரில் டாக்டர் பரிசோதித்தார். வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்றார். மணல் பைகள் மூலைக்குப் போயின. வேறு இரண்டு பைகளில் மறுபடி ஒரு படி சாமையிலிருந்து அம்மா ஆரம்பித்தார். மேடம் சொல்லச் சொல்ல, ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு கிலோ என்று பை கனத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு வாரமும் ஈஸ்வரி பைகளைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தாள். "வந்துட்டாருப்பா எடை இன்ஸ்பெக்டரு" என்று சேட்டு மாமா தராசைத் துடைத்து வைப்பார்.

ஏழாவது வாரம் மேடம் போனில் சரி என்றதும், அம்மா சொன்னார்: "அந்த மணலு பைங்கள எடுத்துக்கினு வா."

முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. திரௌபதி அத்தை பிடுங்குவதற்குத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நான்கு வந்தது. கை நடுங்கவில்லை. ஆறு வந்தது. அத்தை தன் கையை மெல்ல இறக்கிக்கொண்டார். ஏழில் அத்தையும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். "ஒம்பது... பத்து!" என்று எல்லாரும் போட்ட கூச்சலில் அம்மாவின் குரலே கேட்கவில்லை. அம்மாவுக்கு வியர்த்திருந்தது. ஆனால் மூச்சு சீராக இருந்தது. ஈஸ்வரி துள்ளிக் குதித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அம்சவல்லி பள்ளிச் சமையலறைக்குள் நுழைந்தார். பெரிய குண்டானை மட்டும் இரண்டு பேராகத்தான் இறக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. அம்மா ஒரு பக்கம், சகுந்தலா ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். சன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்த பிள்ளைகள் விசில் அடித்தார்கள். தலைமை ஆசிரியர் ஜீவானந்தம் சார் அதட்ட வந்தவர், சாம்பார் வாசனை பட்டதும் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றுவிட்டார்.

"சோறு ஆறிப்போவுது, வரிசையில வாங்க!" என்று அம்மா கரண்டியைத் தூக்கினார்.

வரிசையில் முதல் ஆளாகத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றவர் சகுந்தலா.