சீட்டை விட்டுப் போன திருடன்

பகல் பன்னிரண்டு பத்து. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சாமான் அறையைத் திறந்த ஊசியக்கா குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் சைக்கிளைக் காணோம்.

காலை எட்டரைக்கு அவளே மடித்து உள்ளே தள்ளிய, நீல நிறக் குட்டிச் சக்கர சைக்கிள் அது. இப்போது அங்கே இருந்தவை இரண்டுதான். நீளக் கம்பியோடு சுவரில் பதமாகச் சாய்த்து வைத்த சைக்கிள் சீட்டு. தரையில் நகம் அளவுக்கு உதிர்ந்த ஒரு நீலப் பெயின்ட் துணுக்கு.

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. குறுகிய சந்தாக இருந்தாலும் சரி, எட்டாவது மாடியானாலும் சரி, சைக்கிளை மடித்துக் கையில் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மூன்று மணிக்கு மேனேஜர் அந்த வண்டியைச் சோதிக்க வருகிறார். ஒரு குறை தென்பட்டாலும் வீடுகளுக்குப் போகிற வேலை முழுக்கக் கூடத்தின் வேனுக்குப் போய்விடும், அவள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நேற்றே கறாராகச் சொல்லியிருந்தார்.

"வேற யாரு? அந்த வேன் டிரைவர்தான்!" என்று பொரிந்தாள். "பொம்மை வண்டின்னு கேலி பண்ணின மனுஷன். மூணு மாசமா அவர் மூஞ்சியிலயே நான் முழிக்கறதில்ல."

நாள் பூராவும் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருக்கும் டாக்டரம்மா இடுக்கியால் அந்தத் துணுக்கை எடுத்தார். "கோபத்தை ஓரமா வை. வா, விசாரிப்போம்."

பன்னிரண்டு இருபத்தைந்து. வாசல் காவலாளி.

"சைக்கிள் வெளிய போச்சா?"

"இல்லம்மா."

"மூட்டை, பெரிய பை?"

"எதுவும் இல்ல. பத்து மணிக்கு வேன்ல, ரத்த சாம்பிள் வைக்கிற பெரிய ஐஸ் பெட்டி போச்சு. அது தினமும் போறதுதானே."

அடுத்து ரிசப்ஷன் பெண். சாமான் அறைச் சாவி அவளுக்குப் பின்னால் சுவரில்தான் தொங்கும்.

"இன்னிக்கு யார் யார் எடுத்தாங்க?"

"ஒன்பது மணிக்குத் துடைப்பம் எடுக்க ஆயா. பத்துக்கு ஐஸ் பெட்டி எடுக்க டிரைவர்."

டாக்டரம்மா திரும்பினார். "சைக்கிள் அந்தப் பெட்டிக்குள்ள போகுமா?"

"போகாதும்மா," என்றாள் ஊசியக்கா வேண்டாவெறுப்பாக. "ஒரு மழை நாள்ல நானே வச்சுப் பாத்தேன். சீட்டு இடிச்சு, மூடி ஒரு சாண் தூக்கிக்கிட்டு நின்னுச்சு."

டாக்டரம்மா அந்தப் பெயின்ட் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஒன்று பதினைந்து. வேன் வந்து நின்றது.

"எடுத்தது இவர்தான்," என்றார் டாக்டரம்மா. "ஆனா திருடல. சீட்டைக் கழட்டினாத்தான் பெட்டி மூடும். ஓட்டவோ விக்கவோ நினைச்சவர் சீட்டை விட்டுட்டுப் போவாரா? திருப்பிக் கொண்டுவர்ற எண்ணம் இருந்ததாலதான் பதமா சாய்ச்சு வச்சிருக்காரு. நாம எல்லாரும் காணாம போனதையே தேடினோம், உதிர்ந்து கிடந்ததைக் கவனிக்கல. இந்தப் பெயின்ட்டுக்குப் பின்பக்கம் துரு. இன்னிக்கு உடைஞ்ச இரும்புல ஏது துரு? வண்டியில பல நாளாவே விரிசல் இருந்திருக்கு. அதைச் சரி பண்ணத்தான் எடுத்துட்டுப் போயிருக்காரு."

டிரைவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே சைக்கிள், புத்தம்புது ஹேண்டில் தண்டோடு. பழைய தண்டை ஊசியக்காவின் கையில் கொடுத்தார். அது மடிகிற இடத்தில் லேசாக அழுத்தினாள். இரண்டாக முறிந்து வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நேரா மேனேஜர்கிட்டப் போய் ஒப்பிச்சிருப்பீங்க. உங்க வாயில பொய் நிக்காது. வேலை என் தலையில வந்து விழும். என் வேன் மாடி ஏறுமா?"

"ஒண்ணு மட்டும் புரியல," என்றார் டாக்டரம்மா. "தண்டு ஆடறது வண்டி ஓடும்போது பின்னாலேர்ந்து பாத்தாத்தானே தெரியும்? நீங்க எப்படிப் பாத்தீங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "பாலத்துச் சரிவுல லாரிக்காரங்க கண்ணுக்கு இந்தச் சின்ன வண்டி தெரியறதில்லம்மா. அதான் காலையில இவங்க இறங்கி முடியற வரைக்கும் பின்னாடியே மெதுவா வருவேன். ஒரு மாசமா ஆட்டம் கண்ணுல பட்டுச்சு. புதுத் தண்டு இன்னிக்குத்தான் கடைக்கு வந்துது."

அந்தச் சரிவில் ஒரு வண்டிகூடத் தன்னை நெருக்காததைத் தன் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவள் ஊசியக்கா. எத்தனை நாள் காலையில் இவர் பின்னால் வந்திருக்கிறார்!

"ரொம்ப நன்றிண்ணே," என்றாள். மூன்று மாதத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் நல்ல வார்த்தை.

மூன்று மணிக்கு மேனேஜர் ஹேண்டிலை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பாலத்தில் இறங்கும்போது அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருவது யாரென்று தெரியும்.