கீழே ஒன்றரை மீட்டர்

ட்ரோன் ஆடவில்லை. ஆடியிருக்க வேண்டும்.

நேர்கீழாக வேகமாய் இறக்கினால், தன் விசிறிகள் தள்ளிய காற்றுக்குள்ளேயே அது விழும். பிடிமானம் இல்லாமல் தள்ளாடி, பொத்தென்று சரியும். அந்தத் தள்ளாட்டத்தை அளக்கத்தான் புருஷனும் பெண்டாட்டியுமாக இந்தக் காலிக் கிடங்குக்கு வந்து, வெளிக்காற்று நுழையாதபடி கதவுகளை அடைத்து, காற்றின் போக்கு தெரியத் தரையெங்கும் சுண்ணாம்புத் தூளைத் தூவியிருந்தார்கள். பழைய சாக்கு வாசனையும் வண்டு போன்ற ரீங்காரமும் நிறைந்த அந்தக் கூடத்தின் நடுவில் அவன் ரிமோட்டும் கையுமாக நிற்க, கோடியில் இருந்த கண்ணாடி அறைக்குள் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பன்னிரண்டு மீட்டர்லயே நின்னுடுச்சு," என்றாள் மைக்கில்.

"தரையில உட்கார்ந்த மாதிரி நிக்குது. கோவிச்சுக்கிட்டா நீ உட்காருவியே, அப்படி."

"கிண்டல் அப்புறம். மூணு மணிக்குப் பாப்பாவைக் கூப்பிடப் போகணும். நேரா இறக்காதீங்க, சாய்வா உங்க பக்கம் கொண்டு வாங்க."

தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பக்கவாட்டில் நகர்ந்தால் கலங்காத காற்று கிடைக்கும்.

நகர்ந்தது. இறங்கவில்லை.

அப்போதுதான் திரையின் இரண்டாவது எண்ணைக் கவனித்தாள். ட்ரோனுக்கும் அதன் கீழே இருக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளி அது. ஒன்றரை மீட்டர் என்றது.

கண்ணாடி வழியே பார்த்தாள். ட்ரோனுக்குக் கீழே ஒன்றுமில்லை. பன்னிரண்டு மீட்டருக்கு வெறும் வெளி, பிறகு தரை.

ட்ரோன் அவனை நோக்கி வந்தது. எண் மாறவில்லை. தரையில் தூள் பறக்கவில்லை. அழுந்தியது. ஓரிடத்தில். பிறகு, அவனுக்கு இன்னும் நெருக்கமாக, இன்னோரிடத்தில்.

"அதை விட்டுட்டு வந்துடுங்க."

"எதைம்மா?"

"கீழ..."

"பயப்படாதே. இதோ, என் தலைக்கு மேலயே வந்துடுச்சு."

ரிமோட்டிலிருந்து விரல்களை எடுத்தான். ட்ரோன் நின்ற இடத்திலேயே மிதந்தது. அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

ஒன்றரை.

இரண்டு. நான்கு. ஏழு.

ட்ரோன் அசையவில்லை. கீழே இருந்ததுதான் குனிந்துகொண்டிருந்தது.

பத்தில் எண் நின்றது.

அவன் நெற்றி முடி அசைந்தது. விசிறிக் காற்றென்றால் விடாமல் அடிக்கும். இது மெல்ல வந்தது. நின்றது. மறுபடி வந்தது.